84க்கு 77: ஐ.நா.வின் பாலீர்ப்பு, பாலின அடையாள நிபுணர் பதவி 2016இல் தப்பியது எப்படி?

2016 ஜூன் 30 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை கவுன்சில் 32/2 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. கவுன்சிலின் 47 உறுப்பு நாடுகளில் 23 ஆதரித்தன, 18 எதிர்த்தன, 6 வாக்களிக்காமல் ஒதுங்கின. பாலீர்ப்பு (ஒருவருக்கு யார் மீது ஈர்ப்பு எழுகிறது என்பது), பாலின அடையாளம் ஆகியவற்றின் பேரில் நடக்கும் வன்முறையையும் பாகுபாட்டையும் கவனிப்பதற்கென்றே ஒரு சுயாதீன நிபுணரை ஐ.நா. அமர்த்தியது அதுதான் முதல் முறை. அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் இரண்டு முறை அந்தப் பதவியை முடக்கப் பார்த்தார்கள். நவம்பர் 21இலும் டிசம்பர் 19இலும் நடந்த அந்த வாக்கெடுப்புகள் இரண்டுமே பதவிக்குச் சாதகமாக 84க்கு 77 என்று முடிந்தன. நவம்பரில் நான்கு நாடுகள் பக்கம் மாறியிருந்தால் கணக்கு 80க்கு 81 ஆகியிருக்கும். நிபுணர் வேலையைத் தொடங்கிய சில வாரங்களிலேயே அந்த வேலை நின்றிருக்கக்கூடும்.

பால்புதுமையினரின் (LGBTQ+) உரிமைகளுக்குச் சர்வதேசப் பாதுகாப்பு வேண்டும் என்று தங்கள் அரசை வலியுறுத்த நினைக்கும் எவரும் இந்த ஆறு மாத நிகழ்வை நுணுக்கமாகப் படிக்க வேண்டும். வெறுப்பைக் கக்கிய உரைகள் அதில் ஏராளம். முடிவைத் தீர்மானித்தவை அவையல்ல. ஒதுங்கி நின்ற நாடுகளும், வாக்கெடுப்பு நேரத்தில் இருக்கையில் இல்லாத நாடுகளும், யாரோ ஒரு அதிகாரி கடைசி நாளில் தலைநகரிலிருந்து அனுப்பிய வழிகாட்டுதல் குறிப்பும்தான் தீர்மானித்தன. ஒரு குடிமகனோ அமைப்போ எட்டிப் பிடிக்கக்கூடிய இடங்களும் இவைதாம்.

அதற்கு முன்

சட்ட அடிப்படை 1994இலேயே கிடைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து நிக்கோலஸ் டூனன் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். அது தனியுரிமையை மீறுகிறது என்றும், குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் ‘பால்’ என்ற சொல் பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என்றும் குழு அந்த ஆண்டு மார்ச் 31 அன்று சொன்னது. ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் வல்லுநர்கள். அரசுகள் தங்கள் வாயாலேயே அதை ஏற்றுச் சொல்ல இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. 2003இல் பிரேசில் கொண்டுவந்த வரைவு வாக்கெடுப்புக்கே வராமல் தள்ளிப்போடப்பட்டு மடிந்தது. 2011 ஜூன் 17 அன்று தென்னாப்பிரிக்கா முன்னின்று கொண்டுவந்த 17/19 தீர்மானம் 23–19–3 என்று தேறியது. 2014 செப்டம்பரில் 27/32 தீர்மானத்துக்கு 25 வாக்குகள் ஆதரவாகவும் 14 எதிராகவும் விழுந்தன. 7 நாடுகள் ஒதுங்கின. இந்த இரண்டும் கவலை தெரிவித்து அறிக்கை கேட்டதோடு நின்றன. தொடர்ந்து கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும் என்ற கோரிக்கை 2016 வரை காத்திருந்தது.

ஜெனீவாவில் நடந்தது

32/2ஐ முன்மொழிந்தவை அர்ஜென்டினா, பிரேசில், சிலி, கொலம்பியா, கோஸ்டாரிகா, மெக்சிகோ, உருகுவே என்ற ஏழு லத்தீன் அமெரிக்க நாடுகள். இது திட்டமிட்ட தேர்வு. ‘மேற்கத்திய நாடுகளின் திணிப்பு’ என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது. 151 நாடுகளைச் சேர்ந்த 628 தன்னார்வ அமைப்புகள் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டு ஆதரவு தெரிவித்தன.

எதிர்த்தவர்களின் வழி நேரடி நிராகரிப்பு மட்டுமல்ல. முதலில், இந்தத் தீர்மானத்தின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்ற கோரிக்கை வந்தது. அது தோற்றது. அடுத்து, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சார்பில் பாகிஸ்தான் கொண்டுவந்த 11 திருத்தங்கள். விதிப்படி திருத்தங்கள்தாம் முதலில் வாக்கெடுப்புக்கு வரும், தீர்மானம் கடைசியில்தான். பாலீர்ப்பு, பாலின அடையாளம் என்ற சொற்களையே தலைப்பிலிருந்து எடுத்துவிடும் திருத்தம் தோற்றது. தேசிய, மத, பண்பாட்டுப் பின்னணிகளைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது போன்ற முகவுரை வரிகள் சில நுழைந்துவிட்டன. அவை தீர்மானத்தின் தொனியைக் கெடுத்தன. பதவியை உருவாக்கிய செயல்பாட்டுப் பத்திகளை அவற்றால் தொட முடியவில்லை. இறுதி வாக்கெடுப்பில் ‘ஆதரி’ என்று மட்டும் அரசிடம் கேட்டுவிட்டு, திருத்தங்களைப் பற்றி எதுவுமே சொல்லாமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அன்றைய பிற்பகல் காட்டியது. ஒரு திருத்தம் தலைப்பைப் பிடுங்கிவிட்டால், பிறகு விழும் ஆதரவு வாக்கு வெறும் உறைக்குத்தான் விழும்.

ஒதுங்கிய ஆறு நாடுகள்: போட்ஸ்வானா, கானா, இந்தியா, நமீபியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா. ஒதுங்கும் வாக்கு எண்ணிக்கையில் சேராது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மை எது என்று மட்டுமே பார்ப்பார்கள். ஆதரித்தவர்களில் மூன்று பேர் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 20–21 என்று தீர்மானம் வீழ்ந்திருக்கும்.

தென்னாப்பிரிக்கா ஒதுங்கியது பலருக்கு அதிர்ச்சி. பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு கூடாது என்று தன் 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது. தீர்மானம் கொண்டுவரப்பட்ட விதம் பிளவை உண்டாக்குகிறது என்று அது காரணம் சொன்னது. உள்நாட்டு அமைப்புகள் விடவில்லை. அரசியலமைப்பை நீட்டிக் கேள்வி கேட்டன. ஐந்து மாதம் கழித்து நியூயார்க்கில் தென்னாப்பிரிக்கா தன் கண்டத்து அணியை மீறி வாக்களித்தது.

நியூயார்க்கில் நடந்தது

கவுன்சில் எடுக்கும் முடிவுகள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கையாகப் பொதுச் சபைக்குப் போகும். அதை முதலில் 193 நாடுகளும் உட்காரும் மூன்றாம் குழு பார்க்கும், பிறகு முழு அவை பார்க்கும். வழக்கமாக இது சடங்கு போல முடிந்துவிடும். அந்த ஆண்டு ஆப்பிரிக்க அணியின் சார்பில் போட்ஸ்வானா ஒரு வரைவை வைத்தது. அதன் இரண்டாம் பத்தியில்தான் பொறி இருந்தது: பாலீர்ப்பு, பாலின அடையாளம் என்பவற்றுக்குச் சர்வதேச சட்டத்தில் வரையறை இல்லை, ஆகவே இந்தப் பதவியின் சட்ட அடிப்படையைக் கலந்து பேசி முடிவு செய்யும்வரை 32/2 மீதான பரிசீலனையும் நடவடிக்கையும் தள்ளிவைக்கப்படட்டும். பதவியை ஒழிக்கிறோம் என்று எங்கும் எழுதவில்லை. கலந்தாலோசனைக்குக் கால வரம்பும் இல்லை. தயங்கும் நாடுகளுக்கு ‘இன்னும் கொஞ்சம் பேசலாமே’ என்ற வடிவம் வசதியானது என்பதால்தான் அப்படி எழுதப்பட்டது.

தாய்லாந்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் விதித் முந்தர்போன் அதற்குள் செப்டம்பர் 30 அன்று நியமிக்கப்பட்டு நவம்பர் 1 முதல் பணியில் இருந்தார்.

லத்தீன் அமெரிக்க அணியுடன் எல் சல்வடோரும் சேர்ந்து எட்டு நாடுகளாயின. அவை தங்கள் பங்குக்கு எதிர்த் தீர்மானம் கொண்டுவரவில்லை. இரண்டாம் பத்தியை நீக்க வேண்டும் என்ற ஒரே ஒரு திருத்தத்தை வைத்தன. பாலீர்ப்பு பற்றிய நீண்ட விவாதத்துக்குள் போகாமல், கவுன்சில் ஏற்கெனவே முடிவு செய்த ஒன்றைப் பொதுச் சபை மறுபடி திறக்கலாமா என்ற நிறுவன ஒழுங்குக் கேள்வியாக அதை மாற்றினார்கள். பாலின விஷயங்களில் கூச்சப்படும் நாடு கூட, ‘இன்று இந்த நிபுணருக்கு நேர்ந்தால் நாளை எந்த நிபுணருக்கும் நேரும்’ என்ற வாதத்தை ஏற்க முடியும். கேள்வியை இப்படி மாற்றி வைத்ததுதான் வாக்குகளைக் கொண்டுவந்தது என்பது எங்கள் மதிப்பீடு.

நவம்பர் 21: திருத்தத்துக்கு ஆதரவு 84, எதிர்ப்பு 77, ஒதுங்கியவை 17. மொத்தம் 193இல் கழித்துப் பார்த்தால் 15 நாடுகள் வாக்கே பதியவில்லை. வித்தியாசம் 7, காணாமல் போனவை 15. சிறிய நாடுகளின் ஐ.நா. அலுவலகங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய தூதர்களே எல்லாக் குழுக்களுக்கும் ஓட வேண்டியிருக்கிறது. வாக்கெடுப்பு அட்டவணை தள்ளிப்போனால் இருக்கை காலியாகிவிடும். ஆகவே ஒரு நாடு ஆதரவாக இருப்பதாகச் சொன்னால் போதாது, அந்த நாளில் அந்த மணிக்கு யார் உட்காருவார் என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். குழுவின் விதிப்படி சமநிலை வந்தால் முன்மொழிவு தோற்றதாகவே கொள்ளப்படும். அன்று சமன் ஆகியிருந்தாலும் பதவியை முடக்கும் பத்தி அப்படியே நின்றிருக்கும்.

டிசம்பர் 19 அன்று முழு அவையில் நீக்கப்பட்ட பத்தியைத் திரும்பச் சேர்க்க ஆப்பிரிக்க அணி முயன்றது. இப்போது சுமை எதிர்ப்பக்கத்தில். பெரும்பான்மை வேண்டியது பத்தியைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு. 77 ஆதரவு, 84 எதிர்ப்பு, 16 ஒதுக்கம் என்று அது தோற்றது. எண்கள் ஒன்றுதான், ஆனால் பொத்தான் வேறு. நவம்பரில் பதவியைக் காக்க ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும், டிசம்பரில் ‘இல்லை’ என்று. பழைய வழிகாட்டுதல் குறிப்பை அப்படியே வைத்திருக்கும் ஒரு புதிய அதிகாரி தவறாக அழுத்த இது போதும். இந்த நான்கு வாரங்களில் ஆதரவு அமைப்புகள் தங்கள் அரசுகளுக்கு அனுப்பும் குறிப்பை முழுதாகத் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

இந்தியா ஏன் ஒதுங்கியது?

2016 ஜூனில் ஒதுங்கியதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் ஒரு காரணம் சொன்னார்: விஷயம் உச்ச நீதிமன்றத்தில் குறைதீர் மனுக்களாக (curative petition) நிலுவையில் இருக்கிறது, அதைக் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. 2013 டிசம்பர் 11 தீர்ப்பு தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்திருந்த காலம் அது. காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அந்தப் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை விடுவித்தது. நிலுவை என்ற காரணம் அன்றோடு தீர்ந்தது. 2019 ஜூலை 12 அன்று பதவியைப் புதுப்பிக்கும் 41/18 தீர்மானம் வந்தபோது இந்தியா மறுபடி ஒதுங்கியது. 2022 ஜூலை 7இலும் ஒதுங்கியது.

அதே 2019 வாக்கெடுப்பில் 2016இல் ஒதுங்கிய பிலிப்பைன்ஸும் தென்னாப்பிரிக்காவும் ஆதரவுக்கு வந்தன. நேபாளமும் ஆதரித்தது. முடிவு 27–12–7. ஒதுங்கும் நாடு நகரக்கூடிய நாடு என்பதற்கு இவை சாட்சி. இந்தியா நகராமல் இருப்பதற்குச் சட்டத் தடை எதுவும் இப்போது கிடையாது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தந்த நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கு) தீர்ப்பு சர்வதேசக் கோட்பாடுகளைத் தாராளமாக மேற்கோள் காட்டித் திருநர்களின் சுய அடையாள உரிமையை ஏற்றது. தமிழ்நாட்டிலும் உயர் நீதிமன்றம் 2019இல் இடைப்பால் (ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்பு வரையறைக்குள் அடங்காத) குழந்தைகளுக்கான தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மாநில அரசும் அதே ஆண்டு தடை ஆணை பிறப்பித்தது. 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் காவல்துறைத் தொல்லைக்கும் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘மாற்று சிகிச்சை’ முயற்சிகளுக்கும் எதிராக வழிகாட்டுதல்கள் தந்தார். உள்நாட்டுச் சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகு ஜெனீவாவில் மட்டும் கை தூக்காமல் இருப்பது நியாயமற்றது. அதை அரசிடம் நேராகச் சொல்ல வேண்டும்.

திருமணத்தைக் காட்டிப் பயமுறுத்தும் வாதத்துக்கும் ஒரு பதில்: 32/2இல் திருமணம் என்ற சொல்லே இல்லை. வன்முறை, பாகுபாடு ஆகிய இரண்டைத்தான் அது பேசுகிறது.

இந்தப் பதவியால் நமக்கு என்ன?

தமிழ் வாசகருக்கு இது தொலைதூர விஷயம் அல்ல. இலங்கையின் தண்டனைச் சட்டம் 365, 365அ பிரிவுகள் தன்பாலின உறவைக் குற்றமாக்குகின்றன. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. ரோசன்னா ஃப்ளேமர்-கல்தேரா பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழுவிடம் முறையிட்டு, 2022இல் இலங்கை அவரது உரிமைகளை மீறியது என்ற முடிவைப் பெற்றார். அப்படி முறையிட முடிந்ததற்குக் காரணம், இலங்கை 2002இல் அந்த உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் (தனிநபர் முறையீட்டை அனுமதிக்கும் துணை ஒப்பந்தம்) சேர்ந்திருந்தது. அதன்பின் கொழும்பில் தனிநபர் மசோதா வந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது, 2024இல் நாடாளுமன்றம் கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

இந்தியா அந்த விருப்ப நெறிமுறையிலும் சேரவில்லை, டூனன் பயன்படுத்திய நெறிமுறையிலும் சேரவில்லை. மதுரையிலோ கோவையிலோ தாக்கப்பட்ட ஒருவர் அந்தக் குழுக்களுக்கு முறையிட வழியில்லை. சுயாதீன நிபுணருக்கு எழுத எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. உள்நாட்டு நீதிமன்றங்கள் எல்லாவற்றையும் ஏறி இறங்கி முடித்திருக்கவும் வேண்டாம். அதனால்தான் இந்தப் பதவியின் உயிர் நமக்கு முக்கியம்.

முறைப்பாட்டில் இருக்க வேண்டியவை: பாதிக்கப்பட்டவர் யார், என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், செய்தவர் யார் அல்லது எந்தத் துறை, உள்ளூரில் என்ன முயற்சி எடுக்கப்பட்டது. நிபுணர் ஏற்றால் அரசுக்குக் கடிதம் போகும். குற்றச்சாட்டுக் கடிதத்துக்குப் பதில் தர அரசுக்கு 60 நாள். அதன்பின் கடிதமும் பதிலும் பொதுவில் வெளியாகும். உயிருக்கு ஆபத்து உடனடியாக இருந்தால் அவசர முறையீடாக விரைந்து போகும். தீர்ப்போ இழப்பீடோ வராது. இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது: பாதிக்கப்பட்டவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் நண்பர்கள் எழுதிவிடுகிறார்கள். கடிதம் போகும் இடம் அவரது சொந்த அரசு. பெயரை அரசுக்குத் தெரிவிக்கலாமா, பின்னர் வெளியிடலாமா என்ற இரண்டு கேள்விகளையும் அவரிடம் தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். வீட்டுக்கே தெரியாமல் வாழும் ஒருவரின் வாழ்க்கையை நல்லெண்ணம் கொண்ட ஒரு படிவம் கலைத்துவிடக் கூடாது.

நிபுணருக்கு ஐ.நா. சம்பளம் கிடையாது. நாட்டுக்கு வந்து பார்க்க அரசின் அழைப்பு வேண்டும். அர்ஜென்டினா, ஜார்ஜியா, மொசாம்பிக், கம்போடியா போன்றவை அழைத்திருக்கின்றன. ‘அழையுங்கள்’ என்று கேட்பதே அரசிடம் வைக்கத் தகுந்த ஒரு தனிக் கோரிக்கை.

அரசிடம் கேட்கும்போது

பெரும்பாலான மனுக்கள் தோற்பது காலத்தில். மனு வரும்போது வழிகாட்டுதல் ஏற்கெனவே ஜெனீவாவுக்குப் போயிருக்கும். புதுப்பிப்புத் தீர்மானங்கள் ஜூன்–ஜூலை அமர்வில் வருகின்றன, வாக்கெடுப்பு அமர்வின் கடைசி நாட்களில். இந்திய நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும்; மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜூலையில்தான் கூடும். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிடும். ஆகவே எம்.பி. ஒருவர் மூலம் கேள்வி எழுப்ப நினைத்தால் பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி, அதாவது மார்ச்சிலிருந்து அது முடியும்வரைதான் சமயம். பிப்ரவரியிலேயே எம்.பி.யின் அலுவலகத்தில் கேள்வியின் வரைவு இருக்க வேண்டும். ‘இந்தியாவின் நிலைப்பாடு என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘2016இல் சொன்ன நிலுவைக் காரணம் 2018இல் தீர்ந்த பிறகு, 2019இலும் 2022இலும் ஒதுங்கியதற்கான காரணம் என்ன’ என்று தேதியோடு கேட்டால் அதைச் சுற்றிப் போவது கடினம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அயலுறவைப் பாதிக்கும் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு. அதனால் கோப்புக் குறிப்புகளைக் கேட்பதைவிட, எந்த அமைச்சகங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது, எந்தத் தேதியில் என்று கேட்பது பலன் தரலாம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தில் ஐ.நா. விவகாரங்களைப் பார்க்கும் பிரிவுக்கும், ஜெனீவாவில் உள்ள நிரந்தரப் பிரதிநிதிக்கும் ஒரே நாளில் போகட்டும். சமூக நீதி அமைச்சகத்துக்கும் ஒரு நகல், ஏனெனில் திருநர் சட்டம் அதன் பொறுப்பு. கோரிக்கையை வாக்கு வாக்காகப் பிரித்து எழுத வேண்டும்: நடவடிக்கை வேண்டாம் என்ற கோரிக்கை வந்தால் எதிர்க்க, தலைப்பையும் பதவியையும் தொடும் திருத்தங்களை எதிர்க்க, இறுதியில் ஆதரிக்க. ஆதரிக்க மனமில்லை என்று தெரிந்தால், திருத்தங்களையாவது எதிர்த்துவிட்டு இறுதியில் ஒதுங்கும்படி கேட்கலாம். இந்தப் படிக்கட்டை வைக்காத மனு, ‘ஆம்’ அல்லது ஒன்றுமில்லை என்று அரசின் முன் நிற்கும். கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லைதான்.

யார் கையெழுத்திடுகிறார்கள் என்பதும் கணக்கு. 2011இல் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் நிதியுதவியைப் பால்புதுமையினர் உரிமையோடு முடிச்சுப் போட்டுப் பேசியபோது, ஆப்பிரிக்கச் செயற்பாட்டாளர்களே கூட்டறிக்கை விட்டு எதிர்த்தார்கள்; பழி தங்கள் மீது விழும் என்று அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுத் தூதரகத்தின் கடிதத்தைவிட, ஓய்வுபெற்ற நீதிபதி, மருத்துவர் சங்கம், தொழிற்சங்கம், திருநங்கையர் கூட்டமைப்பு ஆகியோரின் கடிதம் டில்லியில் கனமானது.

அடுத்த வாக்கெடுப்பு

2022இல் ஆதரவு 23ஆகக் குறைந்தது. 17 எதிர்ப்பு, 7 ஒதுக்கம். 2025 ஜூலை 7 அன்று 29–15–3 என்று மீண்டும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிரேம் ரீட் 2023 நவம்பரிலிருந்து அந்தப் பொறுப்பில் இருக்கிறார். 2025இல் இந்தியா கவுன்சிலில் இல்லை. தொடர்ந்து இரண்டு முறை இருந்தபின் ஓராண்டு விலகி நிற்க வேண்டும் என்பது விதி. 2025 அக்டோபரில் மறுபடி தேர்வாகி, 2026 முதல் 2028 முடிய உறுப்பினராக இருக்கிறது. அடுத்த புதுப்பிப்பு 2028 ஜூன்–ஜூலையில். அப்போது இந்தியாவுக்கு வாக்கு உண்டு. கேள்வி பட்டியலில் ஏற வேண்டியது 2028 மார்ச்சில், மனு டில்லிக்குப் போக வேண்டியது அதற்கும் முன்னால்.